படம் நின்றுவிட்டதா? புது டிவி வாங்குமுன் அறிகுறியைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில் டிவி, ரௌட்டர், கைப்பேசி பழுது பார்ப்பது என் தொழில். பெரும்பாலும் வீடு தேடிப் போய்ச் செய்கிற வேலை. போகிற வீடுகளில் பாதிக்கு மேல் கருவியில் பழுதே இருப்பதில்லை. மின்சாரம் போய் வந்ததில் ஏதாவது ஒன்று தடம் மாறியிருக்கும். இரவில் வந்த அப்டேட் ஓர் அமைப்பைக் கலைத்திருக்கும். வங்கி அட்டையின் காலம் முடிந்திருக்கும். ஆனால் நான் போய்ச் சேருவதற்குள் யாராவது ஒருவர் "பழைய டிவி ஆயா, மாற்றிவிடுங்கள்" என்று சொல்லியிருப்பார். அல்லது பேரன் அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்திருப்பான். முதலாவது, ஓய்வூதியத்தில் பல மாதங்களைத் தின்றுவிடும். இரண்டாவது, கோளாறு எங்கே என்று காட்டக்கூடிய தடயத்தைத் துடைத்துவிடும்.

அந்த இரண்டும் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் இரண்டு காரியம். திரையில் வந்திருக்கும் செய்தியை, அதன் எண்ணோடு, கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் யாரிடம் உதவி கேட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். பிறகு டிவியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி செருகுங்கள். ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்கத்தான் செய்கிறது. உள்ளே சிக்கிக்கொண்ட செயலி சிக்கியபடியே கிடக்கும். பிளக்கைப் பிடுங்கினால்தான் அது புதிதாக எழும்.

"மின்சாரம் வந்துவிட்டது, டிவி மட்டும் 'இணையம் இல்லை' என்கிறது"

நம் ஊரில் நான் அதிகம் கேட்கிற குறை இதுதான். 2023இல் லோட்ஷெடிங்கால், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவதால், நாடு பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 மார்ச் 26க்குப் பிறகு பல மாதங்கள் லோட்ஷெடிங் இல்லாமல் இருந்தோம். 2025இன் தொடக்கத்தில் அது சில நாட்கள் திரும்பி வந்தது. அது இல்லாத வாரங்களிலும் கேபிள் திருட்டு, மின்மாற்றிக் கோளாறு என்று ஏதாவது ஒரு தெருவில் மின்சாரம் போய்த்தான் வருகிறது.

மின்சாரம் திரும்பியதும் டிவி சீக்கிரமே விழித்துக்கொள்ளும். ஃபைபர் பெட்டியும் (இணையம் வரும் கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டி) ரௌட்டரும் முழுதாக எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். விழித்தவுடன் இணையத்தைத் தேடிய டிவி, கிடைக்கவில்லை என்று முடிவு கட்டிவிடும். சில டிவிகள் மறுபடி தேடுவதே இல்லை. ஆகவே ரௌட்டரின் விளக்குகள் நிலைத்து எரியும்வரை பொறுத்திருங்கள். பிறகு டிவியின் பிளக்கை மட்டும் ஒருமுறை பிடுங்கிப் போடுங்கள். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் டிவியின் கடிகாரத்தைப் பாருங்கள். சென்ற ஆண்டு ஓர் ஆயாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். வரவேற்பறைச் சுவரில் கோயில் காலண்டர், புரட்டாசி மாதத் தாள். அதற்குக் கீழே டிவி. அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் தேதி 2018 ஜனவரி 1 என்று காட்டியது. வைஃபை முழுதாக இருந்தது, ரௌட்டர் நன்றாக இருந்தது, ஆனால் ஒரு செயலிகூடத் திறக்கவில்லை. காரணம் எளிது. செயலி தன் நிறுவனத்தின் கணினியோடு பேசுவதற்கு முன், எதிரில் இருப்பது உண்மையான ஆள்தானா என்று ஒரு சான்றிதழைச் சரிபார்க்கிறது. அந்தச் சான்றிதழில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. டிவி 2018இல் நின்றுகொண்டிருந்தால், இந்த ஆண்டின் சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத சான்றிதழ். நம்ப மறுத்துவிடும். திரையில் அதை விளக்காமல் "இணைக்க முடியவில்லை" என்று மட்டும் போடும்.

அமைப்புக்குள் போய்த் தேதியைத் 'தானாக' என்பதிலிருந்து 'கையால்' என்பதற்கு மாற்றிச் சரியான தேதியை இடுங்கள். நேர மண்டலம் ஜோகன்னஸ்பர்க். உலகப் பொது நேரத்துக்கு இரண்டு மணி முன்னால். கோடைக்கால நேர மாற்றம் இந்த நாட்டில் இல்லை, அது எங்காவது இயக்கப்பட்டிருந்தால் நிறுத்துங்கள். செயலிகள் திறந்த பிறகு 'தானாக' என்பதற்குத் திரும்பிக்கொள்ளலாம். அந்த ஆயாவின் வீட்டில் எனக்கு மொத்தம் நான்கு நிமிட வேலை. அதற்கு முந்தைய வாரம் ஒரு கடையில் அவருக்கு 55 அங்குல டிவிக்கு விலை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இந்தத் தொல்லையை வராமலே தடுக்கவும் வழி இருக்கிறது. ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு மினி யுபிஎஸ் வையுங்கள். 8800 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது ஏறக்குறைய 32 வாட்-மணி. இரண்டு பெட்டிகளும் சேர்ந்து 10 முதல் 12 வாட் எடுக்கும் என்றால் இரண்டரை மணி நேரத்துக்கு வரும். ஒரு லோட்ஷெடிங் வேளையைத் தாண்டிவிடலாம். வாங்கும்போது ரௌட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணைப் பாருங்கள். 12 என்றால் 12தான். பொருந்துகிற முனையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

டிவியைப் பொறுத்தவரை, மின்சாரம் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுவது என் வழக்கம். திரும்பி வரும் முதல் சில நிமிடங்களில் தெரு முழுவதும் கீசரும் குளிர்சாதனப் பெட்டியும் ஒரே சமயத்தில் இழுக்கும், வோல்ட் ஏறி இறங்கும். ஐந்து பத்து நிமிடம் கழித்துப் போட்டால் போதும். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் இருப்பவர்கள் கோடைப் பிற்பகல் இடிமழைக்கும் இதையே செய்யுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அந்தப் பெட்டியின் அடாப்டர் சுவர் மின்சாரத்தில்தானே இருக்கிறது.

"ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது"

எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளி உங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். மெல்லிய வெள்ளை அல்லது மஞ்சள் கம்பி பெட்டியின் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சோபாவை நகர்த்திய வீட்டில் அடிக்கடி நடப்பது இது. மடங்கவில்லை என்றால் உங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. புகாரை மாதப் பணம் வாங்கும் இணைய நிறுவனத்திடம் பதியுங்கள். இங்கே பெரும்பாலான இடங்களில் குழாய் ஒருவருடையது, அதில் ஓடும் தண்ணீர் இன்னொருவருடையது. குழாய்க்காரரை, அதாவது ஃபைபர் கம்பியைப் பதித்த நிறுவனத்தை, நீங்களே அழைத்தால் "உங்கள் நிறுவனம் வழியாக வாருங்கள்" என்றுதான் சொல்வார்கள்.

"வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது"

முதலில், டிவி இருக்கும் இடத்திலேயே வேகத்தை அளந்து பாருங்கள். கைப்பேசியை டிவிக்குப் பக்கத்தில் பிடித்து, அதே வைஃபையில் ஃபாஸ்ட்.காம் தளத்தைத் திறந்தால் எண் தெரியும். ரௌட்டருக்குப் பக்கத்தில் அளந்துவிட்டு "நூறு வருகிறதே" என்று சொல்வதில் பயனில்லை. நெட்ஃபிளிக்ஸ் முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. அந்த அளவு டிவியின் பக்கத்தில் வருகிறதா என்பதுதான் கேள்வி.

வரவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் சுவர். நம் பக்கத்து வீடுகள் கெட்டியான செங்கல் வீடுகள். பல வீடுகளில் பின்னால் ஓர் அறை சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், பழைய வெளிச்சுவர் நடுவில் அப்படியே நிற்கும். ரௌட்டர் இரண்டு வகை அலையில் வைஃபை தருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் இரண்டு சுவரைத் தாண்டினால் களைத்துவிடும். 2.4 வேகம் குறைந்தது, ஆனால் ஊடுருவும். ரௌட்டரும் டிவியும் ஒரே அறையில் என்றால் 5. நடுவில் சுவர்கள் என்றால் 2.4ஐ முயன்று பாருங்கள். ரௌட்டரை டிவிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குள்ளோ மீன் தொட்டிக்குப் பக்கத்திலோ வைத்திருந்தால் இன்றைக்கே இடம் மாற்றுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல மருந்து ஒரு கம்பி. கூரைக்குள் ஒரு நெட்வொர்க் கம்பியை இழுத்து டிவியில் செருகிவிட்டால் இந்தத் தலைப்பையே மறந்துவிடலாம். பல டிவிகளில் அந்தத் துளை 100 எம்பிபிஎஸ்தான் தரும், வைஃபை அதைவிட வேகம் என்று சிலர் சொல்லக்கூடும். 15 கேட்கிற படத்துக்கு ஆடாமல் வரும் 100, ஏறி இறங்கும் 300ஐவிட மேல்.

டிவியின் பக்கத்திலும் வேகம் நன்றாக வருகிறது, ஆனாலும் சுற்றுகிறது என்றால், ஒரு செயலியில் மட்டுமா எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் கோளாறு அவர்கள் பக்கம். ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். உள்நாட்டுத் தளங்கள் ஓடுகின்றன, வெளிநாட்டுத் தளங்கள் ஊர்கின்றன என்றால் கடலுக்கு அடியில் ஏதோ நடந்திருக்கிறது. 2024 மார்ச் 14 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கரையருகே வெளிநாட்டு இணையத்தைக் கொண்டு வரும் நான்கு கடலடி வடங்கள் அறுந்தன. அதே ஆண்டு மே 12 அன்று கிழக்குக் கரையில் ஈஸி, சீகாம் என்ற வடங்கள் இரண்டும் அறுந்தன. நமக்கு வடக்கே இம்டுன்சினி கடற்கரையில்தான் அந்த இரண்டும் கரையேறுகின்றன. அந்த நாட்களில் ரௌட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பலன் இருந்திருக்காது. நெட்ஃபிளிக்ஸ் போன்றவை படங்களின் நகலை இங்குள்ள இணைய நிறுவனங்களுக்குள்ளேயே வைத்திருப்பதால், அது ஓடும், வேறு ஏதாவது நிற்கும். குழம்ப வேண்டாம்.

"டேட்டா ஒரே இரவில் தீர்ந்துவிட்டது"

ஃபைபர் நின்ற நாளில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை டிவிக்குக் கொடுத்திருப்பீர்கள். டிவிக்கு அது கைப்பேசி டேட்டா என்று தெரியாது. நல்ல இணையம் கிடைத்தது என்று அப்டேட்டை இறக்கத் தொடங்கிவிடும். அதோடு எச்டி படம் மணிக்கு ஏறக்குறைய 3 ஜிபி, 4கே என்றால் 7 ஜிபி. டேட்டா விலை பற்றிய போட்டி ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு, 2020 ஏப்ரலில் வோடாகாம் என்ற கைப்பேசி நிறுவனம் 1 ஜிபி விலையை 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறக்கியது. அந்த விலையிலும் ஒரு படம் பார்ப்பது வீட்டு மளிகையில் கை வைப்பதாகிவிடும். ஹாட்ஸ்பாட் கொடுக்குமுன் டிவியில் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள், செயலியில் படத்தரத்தைக் குறைந்த அளவுக்கு மாற்றுங்கள். குறைந்த தரத்தில் மணிக்கு 1 ஜிபிக்குள் நிற்கும்.

"4கே டிவிதான், ஆனால் படம் மங்கலாக இருக்கிறது"

டிவியின் சொந்தச் செயலியில் பார்க்கிறீர்களா, அல்லது தனியாக வாங்கிய மலிவு ஆண்ட்ராய்டு பெட்டியிலா? பெட்டி என்றால் விடை அதில்தான் இருக்கிறது. படங்கள் களவு போகாமல் காக்க ஒரு பூட்டு முறை உண்டு, அதற்கு வைடுவைன் என்று பெயர். உயர்ந்த நிலைச் சான்று பெற்ற கருவிக்குத்தான் நெட்ஃபிளிக்ஸ் எச்டியும் 4கேயும் தரும். சான்று பெறாத பெட்டிக்கு 480 கோடுகள் கொண்ட மங்கலான படம்தான். உறையில் 8கே என்று அச்சடித்திருந்தாலும் அவ்வளவுதான்.

மங்கலாவது கண்ணோடு போகிறது. அந்தப் பெட்டிகளில் சில, தொழிற்சாலையிலிருந்தே தீநிரலோடு (கேடு செய்யும் மறைவான நிரல்) வருகின்றன என்பது என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. 2025 ஜூனில் அமெரிக்காவின் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ இதைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது, பேட்பாக்ஸ் 2.0 என்ற பெயரில் லட்சக்கணக்கான கருவிகள் வேறொருவர் கைக்குள் இருந்தன. நீங்கள் வங்கிச் செயலி பயன்படுத்தும் அதே வைஃபையில் அந்தப் பெட்டியும் உட்கார்ந்திருக்கிறது. "மாதக் கட்டணமே இல்லை, எல்லாத் தமிழ்ப் படமும் வரும்" என்று ஒருவர் பெட்டி விற்றால், தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் வைஃபையிலிருந்து கழற்றிவிடுங்கள்.

"அப்டேட் ஆன மறுநாளிலிருந்து எல்லாம் மாறிவிட்டது"

இந்தத் தலைப்பின் கீழ் மூன்று குறைகள் வரும்.

படம் மழமழவென்று ஓடுகிறது, சினிமா பார்ப்பது சீரியல் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றால், அப்டேட் படத்தின் அமைப்பைப் பழைய நிலைக்குத் தள்ளிவிட்டது. சினிமா நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்). டிவி நடுவில் தானாகச் சட்டங்களைக் கற்பனை செய்து சேர்த்து வழவழப்பாக்குகிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர் மாறும், செய்யும் வேலை ஒன்றுதான். அதை நிறுத்துங்கள். 2019இல் அறிவிக்கப்பட்ட ஃபிலிம்மேக்கர் மோட் உங்கள் டிவியில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். முதல் பத்து நிமிடம் படம் மங்கினாற்போல் தெரியும். கண் பழகியதும் ஒளிப்பதிவாளர் வைத்த நிறம் தெரிய ஆரம்பிக்கும்.

முகப்புப் பக்கம் மாறி விளம்பரம் நிறைந்துவிட்டது என்றால், அமைப்பில் தனியுரிமை அல்லது விளம்பரம் என்ற பகுதியைத் தேடுங்கள். 'என் விருப்பத்துக்கேற்ற விளம்பரம்', 'பார்ப்பதைப் பதிவு செய்தல்' போன்றவற்றை நிறுத்துங்கள். எல்லா விளம்பரமும் போகாது, ஆனால் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று குறிப்பெடுப்பது நிற்கும். காசு கொடுத்து வாங்கிய பொருளில், வாங்கிய நாளில் இல்லாத விளம்பரத்தைப் பின்னால் கொண்டு வந்து ஒட்டுவது எந்த நிறுவனம் செய்தாலும் தவறு. இதை நான் வாடிக்கையாளர் வீட்டிலும் சொல்கிறேன், இங்கும் சொல்கிறேன்.

கைப்பேசி சுடுகிறது, சார்ஜ் நிற்கவில்லை என்றால் இரண்டு நாள் பொறுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு செயலிகளையும் படங்களையும் அது உள்ளுக்குள் மறுபடி ஒழுங்குபடுத்துகிறது. அந்த வேலை முடிந்ததும் அடங்கும். மூன்றாம் நாளும் சுட்டால், பேட்டரி பக்கத்தில் எந்தச் செயலி அதிகம் தின்கிறது என்று பார்த்து அதை நீக்கி மறுபடி நிறுவுங்கள்.

"அப்படியானால் அப்டேட்டே வேண்டாம்" என்று பலர் முடிவு செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கைப்பேசியில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களைச் சில நாட்களுக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக் கணக்கு அந்தக் கைப்பேசிக்குள்தான் இருக்கிறது. தோற்றத்தையே மாற்றுகிற பெரிய அப்டேட்டை இரண்டு வாரம் தள்ளிப் போடலாம். கோளாறு இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். ஆனால் எந்த அப்டேட்டையும் மின்சாரம் உறுதியாக இல்லாத நேரத்தில் தொடங்காதீர்கள். பல புதிய கைப்பேசிகள் புதியதை இன்னோர் அறையில் தயாரித்துவிட்டுப் பிறகு மாறிக்கொள்கின்றன, பாதியில் நின்றாலும் பழையது எழும். எல்லா டிவிகளுக்கும் அந்த வசதி இல்லை. நடுவில் மின்சாரம் போனால் சில டிவிகள் நிறுவனத்தின் சின்னத்தைக் காட்டியபடியே உறைந்துவிடும். அதை மீட்பது என் போன்றவர்களுக்கும் சிரமம்.

"பாட்டு காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவில்லை"

படத்தின் ஒலி ஆறு தடங்களாக வருகிறது. வசனம் நடுத்தடத்தில் இருக்கும். உங்கள் டிவிக்கு இரண்டு ஒலிபெருக்கிகள்தான். ஆறை இரண்டில் திணிக்கும்போது வசனம் அமுங்குகிறது. படம் ஓடும்போது ஒலி அமைப்பைத் திறந்து 5.1 என்பதை விட்டு ஸ்டீரியோ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லை என்றால் டிவியின் ஒலி வெளியீட்டைப் பிசிஎம் என்று வையுங்கள்.

"தமிழ்ப் படம் இந்தியில் பேசுகிறது"

ஒரு வீட்டில் தாத்தாவும் ஆயாவும் பல மாதங்களாகத் தமிழ்ப் படங்களை இந்தி ஒலியில் பார்த்து வந்தார்கள். "இப்போதெல்லாம் படங்கள் இப்படித்தான் வருகின்றன போலிருக்கிறது" என்று நினைத்துக்கொண்டார்களாம். பேச்சுமொழியாகத் தமிழ் வீட்டிலிருந்து நழுவிய தலைமுறைகளுக்குப் பிறகு, காதில் விழுவதற்காகவே தமிழ்ப் படம் போடுகிறவர்கள் அவர்கள். அதுவும் இல்லாமல் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

படம் ஓடும்போது பேச்சுக் குமிழி போன்ற சின்னத்தை அழுத்தினால் ஒலி, வசன வரி இரண்டும் பட்டியலாக வரும். ஒலியில் தமிழ், வசன வரியில், பேரப்பிள்ளைகளும் உடன் இருந்தால், ஆங்கிலம். அடுத்த படத்திலும் இந்தி வந்தால் உங்கள் பெயர்ப் பக்கத்தின் மொழி அமைப்பில் தமிழை விருப்ப மொழியாகச் சேர்க்க வேண்டும். இந்த நாட்டின் அரசியலமைப்பு, 6ஆம் பிரிவில், மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உங்கள் வீட்டு டிவியிலும் அதற்கு ஓர் இடம் கொடுங்கள்.

"இந்தச் செயலி இனி இந்தக் கருவியில் இயங்காது"

இது அப்டேட்டால் தீராது. நிறுவனம் உங்கள் டிவிக்கான செயலியைச் செய்வதை நிறுத்திவிட்டது. 2019 டிசம்பர் 1 அன்று சாம்சங்கின் 2010, 2011ஆம் ஆண்டு டிவிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் இப்படித்தான் நின்றது. கைப்பேசியிலும் இதே கதை: 2025 மே முதல் ஐபோனில் வாட்ஸ்அப் ஓட ஐஓஎஸ் 15.1 வேண்டும்.

ஆனால் டிவி விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். திரையின் ஆயுள் வேறு, அதற்குள் இருக்கும் சிறு கணினியின் ஆயுள் வேறு. திரை பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கும். உள்ளே இருக்கும் கணினி ஐந்தாறு ஆண்டுகளிலேயே மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிற ஒன்றுக்காக நன்றாக இருக்கிற திரையைத் தூக்கிப் போடுவது வீண்செலவு. பெயர் பெற்ற நிறுவனத்தின் சான்று பெற்ற ஸ்டிக் (செயலிகளை ஓட்டும் சிறு கருவி) ஒன்றை எச்டிஎம்ஐ துளையில் செருகினால், அந்தப் பழைய திரை மறுபடி புதிய டிவிதான். டர்பனில் கடலோரத்தில் இருப்பவர்கள் செருகுமுன் அந்தத் துளையைப் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை படிந்திருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்துக் காயவிடுங்கள்.

ஸ்டிக்குக்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள், அதனுடைய அடாப்டரிலிருந்தே கொடுங்கள். "ஸ்டிக் தானாக அணைந்து அணைந்து எழுகிறது" என்ற குறைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

புதிதாக வாங்குவது என்று முடிவாகிவிட்டால், கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதற்கு எத்தனை ஆண்டு அப்டேட் வரும்?" கூகுள் பிக்செல் 8, சாம்சங் எஸ்24 கைப்பேசிகளுக்கு ஏழு ஆண்டு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், எல்ஜி 2024இல் தன் டிவிகளுக்கு ஐந்து ஆண்டு என்று அறிவித்தது. பதில் சொல்ல முடியாத பொருளை வாங்காதீர்கள்.

"உங்கள் பகுதியில் கிடைக்காது"

வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்திருக்கும் குடும்பங்கள் இதைத்தான் கேட்கிறார்கள். படத்தின் உரிமையை நாடு நாடாக விற்கிறார்கள். இந்தியாவுக்காகக் கட்டிய சந்தா இங்கே அதே படங்களைத் தராது. நெட்ஃபிளிக்ஸ் என்றால் அதே கணக்கு இங்கும் திறக்கும், பட்டியல் மட்டும் இந்த நாட்டுப் பட்டியலாக மாறும். பணம் செலுத்தும் நாட்டையும் மாற்ற வேண்டும் என்றால், கணக்கை ரத்து செய்து, கட்டிய காலம் முடிந்த பிறகு இங்கிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் இலவச விபிஎன் செயலிகளை இதற்காகப் போடாதீர்கள். உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதையும் முகம் தெரியாத ஒருவர் வழியாக அனுப்புகிறீர்கள்.

சந்தா நடுவில் நின்றுவிட்டது என்றால் இந்திய அட்டையைப் பாருங்கள். 2021 அக்டோபர் 1 முதல் இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு அட்டைதாரர் தனியாக ஒப்புதல் பதிய வேண்டும். அதற்கு ஓடிபி வரும். அந்த ஓடிபி போகிற இந்திய சிம் உங்கள் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதை ஒரு பழைய கைப்பேசியில் போட்டு, ரோமிங்கை இயக்கி, காலாவதியாகாமல் ரீசார்ஜ் செய்து வையுங்கள். சந்தாவை மட்டுமல்லாமல் உங்கள் வங்கிக் கணக்கையும் அது காக்கும்.

"புது எபிசோட் இன்னும் வரவில்லை"

பழுதில்லை. இந்தியா நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 9 மணி என்றால் இங்கே மாலை 5.30. நெட்ஃபிளிக்ஸின் சொந்தத் தொடர்கள் பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் நள்ளிரவில் வெளியாகும். நமக்கு அது காலை 9 அல்லது 10 மணி.

"இ48-32 என்று வருகிறது"

செயற்கைக்கோள் தட்டு வழியாக வரும் டிஎஸ்டிவி சேவை வைத்திருப்பவர்களுக்கு: தட்டிலிருந்து சிக்னல் வரவில்லை என்பதே இதன் பொருள். கனமழை என்றால் காத்திருங்கள். வெயில் நாளிலும் வந்தால் வெளியே போய்த் தட்டைப் பாருங்கள். செயற்கைக்கோள் கிழக்கு 68.5 பாகையில் இருப்பதால் தட்டு வடகிழக்கைப் பார்த்து நிற்கும். அந்தத் திசையில் பக்கத்து வீட்டு மாமரம் வளர்ந்து மறைத்திருக்கலாம். மரம் இல்லை என்றால் டிகோடரின் பின்னால் திருகும் கம்பியைக் கையால் இறுக்கிப் பாருங்கள். இ16 என்றால் கதை வேறு, அது சந்தா தொடர்பானது. பணம் கட்டியிருந்தால் டிகோடரை அணைக்காமல் வைத்து, செயலியில் பிழை நீக்கு என்பதை அழுத்துங்கள்.

"கட்டணம் செல்லவில்லை, கணக்கு மூடப்படும் என்று குறுஞ்செய்தி"

அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். டிவியில் செயலியைத் திறந்து பாருங்கள். உண்மையாகவே பணம் நின்றிருந்தால் அங்கேயே தெரியும். ஓடிபியை யார் கேட்டாலும், உங்கள் வங்கியின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், கொடுக்காதீர்கள். இதில் பணத்தை இழந்த ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

"எதைச் செய்தும் சரியாகவில்லை"

இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் ஃபேக்டரி ரீசெட் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்னும் ஒரு நாள் பொறுங்கள். 2025 மார்ச் 9 அன்று உலகெங்கும் டிவியில் செருகிப் பார்க்கும் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் ஒரே நாளில் நின்றன. உள்ளே வைத்திருந்த பத்தாண்டுச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகியிருந்தது. ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே கேட்டுக்கொண்டது. சில நாட்களில் திருத்தம் வந்தது. பொறுத்திருந்தவர்களுக்குத் தானாகச் சரியானது; அழித்துவிட்டவர்கள் கருவியை மறுபடி அமைக்க முடியாமல் இன்னும் காத்திருக்க நேர்ந்தது. உங்களைப் போன்றே மற்றவர்களுக்கும் இன்றைக்குத்தான் நின்றதா என்று தெரிந்தவர்கள் நாலு பேரைக் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் மட்டும்தான் என்றால், முதலில் கோளாறான செயலியின் தற்காலிகச் சேமிப்பை அழியுங்கள். பிறகு அந்தச் செயலியை நீக்கி மீண்டும் நிறுவுங்கள். டிவியின் சேமிப்பிடம் நிறைந்திருந்தால் பயன்படுத்தாத செயலிகளைக் கழியுங்கள். பழைய டிவிகளில் மொத்தமே 8 ஜிபிதான் இருக்கும், அதில் பாதியை டிவியே எடுத்துக்கொள்ளும்.

அதன் பிறகும் ரீசெட்தான் என்றால், ஒரு தாளை எடுங்கள். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும், ஒவ்வொரு செயலிக்கும் எந்த மின்னஞ்சல், எந்தக் கடவுச்சொல், இப்போதைய பட அமைப்பு, ஒலி அமைப்பு, எந்த எச்டிஎம்ஐ துளையில் எது என்று எழுதுங்கள். ஒவ்வொரு கடவுச்சொல்லையும் கைப்பேசியில் ஒருமுறை இட்டுப் பார்த்து, அது திறக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கைப்பேசியை ரீசெட் செய்வதாக இருந்தால், வாட்ஸ்அப் பேச்சுகளும் படங்களும் காப்பில் ஏறியிருக்கின்றனவா என்று தேதியைப் பாருங்கள். கூகுளின் 15 ஜிபி நிறைந்திருந்தால் காப்பு என்றைக்கோ நின்றுபோயிருக்கும். தாளைச் சாமி அறையிலோ அலமாரிக்குள்ளோ பத்திரமாக வைத்துவிட்டு, பகல் நேரத்தில், மின்சாரம் உறுதியாக இருக்கும்போது, அந்தப் பொத்தானை அழுத்துங்கள்.